வேலூர் பக்கம் புதுசா ஒரு 230 கே.வி. (கிலோவோல்ட்) மின்லைன் போடணுமா? சர்வேக்கு புதுசா வந்தவங்களுக்கு

லைன் சர்வேக்கு புதுசா வர்ற பசங்க முதல்ல கேக்குறது, சார் எந்த சாப்ட்வேர் கத்துக்கணும். நான் சொல்றது, முதல்ல நல்ல ஷூ ஒண்ணு வாங்குங்க, ஆம்பூர் ராணிப்பேட்டைல ஷூவுக்கா பஞ்சம். சாப்ட்வேர் எல்லாம் ரெண்டு மாசத்துல வந்துடும், ஆனா காலால நடக்காம போட்ட லைன் பின்னாடி எவ்ளோ படுத்தும்னு பட்டவனுக்குத்தான் தெரியும், நான் பட்டிருக்கேன், அதையும் கீழ சொல்றேன்.

நம்ம ஏரியா எப்படின்னு கொஞ்சம் பாருங்க. பழைய வட ஆற்காடு, 1989ல திருவண்ணாமலை பிரிஞ்சுது, 2019ல வேலூரே மூணா உடைஞ்சு ராணிப்பேட்டை, திருப்பத்தூர்னு ஆயிடுச்சு. ஒரு பக்கம் ராணிப்பேட்டை சிப்காட், பெல், ஆம்பூர் வாணியம்பாடி தோல் ஷாப்புங்க, இந்தப் பக்கம் பனப்பாக்கத்துல டாடா மோட்டார்ஸ் கார் ஃபாக்டரிக்கு 2024 செப்டம்பர்ல அடிக்கல் நாட்டினாங்க, அங்க செய்யார் சிப்காட். ஆஸ்பத்திரி, காலேஜ், கல்யாண மண்டபம், வீட்டுக்கு வீடு ஏசி. லோடு ஏறாம எங்க போகும்.

முதல்ல லைன் வேணுமான்னு பாருங்க

இது எல்லாரும் தாண்டிப் போற இடம். லோடு ஏறுதுன்னு தெரிஞ்ச உடனே புது லைன்னு எழுதாதீங்க. இப்ப இருக்குற சப்ஸ்டேஷன்ல எத்தனை டிரான்ஸ்ஃபார்மர், எவ்ளோ எம்.வி.ஏ. (அது தூக்குற திறன்), ஏப்ரல் மே மாசத்துல மத்தியானமும் ராத்திரியும் எவ்ளோ ஏறுது, இதை ரெண்டு மூணு வருஷத்துக்கு எடுத்து வெச்சுக்குங்க. அதோட ஹெச்.டி. (உயர் அழுத்த கனெக்‌ஷன்) அப்ளிகேஷன் எவ்ளோ நிலுவைல இருக்கு, சிப்காட்ல எந்த பிளாட் யாருக்கு அலாட் ஆயிருக்குன்னு சேருங்க. அப்ளிகேஷன்ல கேக்குற லோடு மொத்தமும் முதல் வருஷமே வராது, பத்து மெகாவாட் கேட்டவன் மூணுல ஆரம்பிப்பான், அதனால மொத்தத்தையும் அப்படியே கூட்டிட்டு பயந்துடாதீங்க.

அப்புறம் 'N-1' (என் மைனஸ் ஒன்னு)ன்னு ஒரு விதி, சென்ட்ரல் எலக்ட்ரிசிட்டி அத்தாரிட்டி பிளானிங் மேனுவல்ல இருக்கு. ஒரு லைனோ ஒரு டிரான்ஸ்ஃபார்மரோ படுத்தா மிச்சம் இருக்குறது மொத்த லோடையும் தூக்கணும். 230/110 கே.வி. சப்ஸ்டேஷன்ல 100 எம்.வி.ஏ. ரெண்டு இருந்தா உங்க கைல 200 இருக்குன்னு அர்த்தம் இல்ல, கிட்டத்தட்ட 100தான் இருக்கு. இதுல தேறலைன்னாதான் அடுத்த கேள்வி. பழைய டவர்ல ரெண்டாவது சர்க்யூட் (இன்னொரு செட் கம்பி) இழுக்க இடம் இருக்கா? பழைய கண்டக்டரை (கரண்ட் போற கம்பியை) எடுத்துட்டு சூடு தாங்குற ஹெச்.டி.எல்.எஸ். கண்டக்டர் மாத்தலாமா? பக்கத்துல போற லைனை வெட்டி நம்ம சப்ஸ்டேஷனுக்குள்ள இழுத்துட்டு திரும்ப வெளிய விடலாமா (இதைத்தான் லைலோம்பாங்க)? இதுல ஏதாவது ஒண்ணு ஓடுச்சுன்னா ஒரு விவசாயி நிலத்துலயும் புதுசா கால் வெக்க வேணாம், அதுதான் நல்ல பிளான்.

எந்த வோல்டேஜ்

தமிழ்நாட்ல 110, 230, 400, 765ன்னு போவுது, மத்த ஸ்டேட்ல 132, 220ன்னு படிச்சிட்டு வந்திருப்பீங்க, இங்க அது கிடையாது. கணக்கு சிம்பிள். 100 மெகாவாட்டை பவர் ஃபாக்டர் 0.9ல 110 கே.வி.ல அனுப்பினா ஏறக்குறைய 583 ஆம்பியர், அதையே 230ல அனுப்பினா 279. ஒத்த பேந்தர் கண்டக்டர் 583ஐ தாங்காது, அதைவிட தடிமனான ஜீப்ரா கண்டக்டர் 279ஐ சும்மா தூக்கும். லாஸ் கரண்டோட வர்க்கத்துல போறதால, அதே தடிமன் கம்பின்னா லாஸ் நாலுல ஒரு பங்குக்கும் கம்மியாயிடும். அதுக்காக எல்லாத்துக்கும் 230னு போக முடியாது, ஏன்னா அகலம் கூடுது: 110க்கு 22 மீட்டர் பாதை, 220, 230க்கு 35 மீட்டர், 400 டபுள் சர்க்யூட்டுக்கு 46. ஒரு கிலோமீட்டருக்கு 35 மீட்டர்னா எட்டரை ஏக்கருக்கு மேல வருது, அத்தனைக்கும் கீழ ஒரு பட்டாதாரர் இருப்பார்.

நம்ம பக்கத்துக்கு பெரிய ஊத்து திருவலம், பவர்கிரிட்டோட 765/400 கே.வி. சப்ஸ்டேஷன் அங்கதான். புகளூர்லேர்ந்து 400 கே.வி. லைன் வந்து சேர்றதும் அங்கதான், அந்த புகளூர் திட்டத்து லைனுங்களுக்கு மேற்கு மாவட்ட விவசாயிங்க பண்ண போராட்டத்தை பேப்பர்ல பாத்திருப்பீங்க. ரோட்டோரமா கேபிளா புதைங்கன்னு கேட்டாங்க. கேக்குறதுல தப்பில்ல, ஆனா அந்த வோல்டேஜ்ல கேபிள் செலவு பல மடங்கு, தூரம் கூடக் கூட கேபிளே தன்னை சார்ஜ் பண்ணிக்கவே கரண்ட் தின்னும், ரிப்பேர்னா நாள்கணக்குல தோண்டணும். ஊருக்குள்ள கொஞ்ச தூரம்னா கேபிள் சரி. இந்த பதிலை மனப்பாடம் பண்ணி வெச்சுக்குங்க, ஒவ்வொரு ஊர்லயும் கேப்பாங்க, மழுப்பினா நம்ப மாட்டாங்க.

கோடு இழுக்குறது

சர்வே ஆஃப் இந்தியா டோபோ ஷீட், சாட்டிலைட் படம், ரெண்டையும் வெச்சு மூணு ரூட் போடணும். ஒண்ணு போட்டுட்டு மத்த ரெண்டையும் சும்மா கணக்குக்கு போடற பழக்கம் இருக்கு, பண்ணாதீங்க, ஏன்னா பின்னாடி கோர்ட்ல ஏன் இந்த ரூட்டுன்னு கேட்டா அந்த மூணும்தான் உங்களை காப்பாத்தும். நேர் கோட்டு தூரத்தை பீ லைன்ம்பாங்க, உங்க ரூட் அதைவிட எவ்ளோ கூடுதுன்னு மேல கேப்பாங்க.

எதையெல்லாம் ஒதுங்கணும்: ஊர் நத்தம், ஸ்கூல், கோயில், சுடுகாடு, காப்புக்காடு, ஏரி, தொல்லியல் துறை சின்னம் (சின்னத்தை சுத்தி 100 மீட்டர் தடை, அதுக்கு மேல 200 மீட்டர் கட்டுப்பாடு), அரக்கோணத்துல கடற்படை விமானதளம் ராஜாளி, இந்தப் பக்கம் அப்துல்லாபுரம் ஏர்போர்ட். விமானதளம் பக்கம் டவர் உயரத்துக்கே அனுமதி வேணும், அதனால முதல் நாளே அவங்களுக்கு லெட்டர் எழுதுங்க, கடைசில எழுதினா கடைசி டவர் மட்டும் கட்ட முடியாம நிக்கும்.

இங்க என் கதை. ஆரம்ப காலத்துல ஒரு 110 கே.வி. லைன், குடியாத்தம் பக்கம். சாட்டிலைட் படத்துல பாத்தா வெறும் மல்லாட்டை (வேர்க்கடலை) கொல்லி, அழகா நேரா ஒரு கோடு போட்டேன், எங்க பெரியவரும் கையெழுத்து போட்டார். ஸ்பாட்டுக்கு போனா அந்தப் படம் எடுத்து ரெண்டு வருஷம் ஆயிருக்கு, கொல்லி எல்லாம் மனை போட்டு கல்லு நட்டு கலர் கொடி கட்டியாச்சு, நடுவுல ஒரு வீடு. ஒத்த மாடிதான், க்ளியரன்ஸ் (கம்பிக்கும் கட்டடத்துக்கும் இடைவெளி) கணக்கு போட்டா தாராளமா வருதுன்னு சொல்லி அதையும் விட்டுட்டேன் பாருங்க. மாடி மேல தூண் கம்பிங்க நாலடிக்கு நீட்டிக்கிட்டு துணி காயப் போட்டிருந்தாங்க. அடுத்த மாடி கட்டப் போறாங்கன்னு அந்தக் கம்பி கத்துது, எனக்கு கேக்கல. ஆறு மாசம் கழிச்சு டவர் அஸ்திவாரம் போடப் போனா ரெண்டாவது மாடிக்கு சென்ட்ரிங் அடிச்சிருக்காங்க. கோணப்புள்ளியை (லைன் திரும்புற இடத்தை) நகத்தி, அதுக்கு முன்ன பின்ன நாலு டவர் மாறி, நேரா போற ஏ டைப் டவர் இருந்த இடத்துல 30 டிகிரி திரும்புற சி டைப் வந்து, இரும்பும் கான்கிரீட்டும் எகிறி, நான் வாங்கின டோஸ் இன்னும் காதுல இருக்கு. அன்னிலேர்ந்து மாடில நீட்டிக்கிட்டு இருக்குற கம்பியை எண்ணாம ஒரு வீட்டையும் நான் தாண்டறதில்ல.

டவர் டைப் தெரியாதவங்களுக்கு: ஏ டைப் 2 டிகிரி வரை, பி 15, சி 30, டி 60 வரைக்கும், லைன் முடியுற இடத்துலயும் டி. திருப்பம் கூடக் கூட டவர் கனமாகும், காசும் கூடும், அதனால ஒவ்வொரு வளைவுக்கும் உங்ககிட்ட ஒரு காரணம் இருக்கணும்.

நடக்குறது

ரூட்டை மொத்தமா ஒரு தடவை நடங்க. காலைல ஆறு மணிக்கு ஆரம்பிச்சா பத்தரைக்கு முடிச்சிடணும், வேலூர் வெயில் உங்களை விடாது. கூட ஊர்க்காரர் ஒருத்தர் இருக்கணும், வி.ஏ.ஓ. ஆபீஸ் தலையாரி கிடைச்சா புண்ணியம். புலப்படம், ஏ ரிஜிஸ்டர் (நிலப் பதிவேடு), அடங்கல் (பயிர்க் கணக்கு) மூணும் கைல. கம்ப்யூட்டர் பட்டால பேர் ஒருத்தர், உழுறவர் ஒருத்தரா இருக்கும், அப்பா பேர்ல இருந்து பாகம் பிரிக்காம அண்ணன் தம்பி நாலு பேர் அனுபவிச்சிக்கிட்டு இருப்பாங்க. நாலு பேரையும் எழுதிக்குங்க.

கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு, எந்த புக்லயும் முன்னாடி வராது. போர் எங்க இருக்கு? நம்ம பக்கம் போர்வெல் ஆயிரம் அடிக்குக் கூட போவுது, மோட்டார் ரிப்பேர்னா பைப்பை இழுக்க வண்டி வரும், ரிக் வண்டி மாஸ்டை தூக்கினா லைன் உயரத்துக்கு வந்து நிக்கும். லைனுக்கு அடியில போர் மாட்டினா அந்தாளு அதுக்கப்புறம் மோட்டாரை உயிரைக் கைல புடிச்சிக்கிட்டுதான் எடுக்கணும். ஒரு தடவை அணைக்கட்டு பக்கம், முள்ளு கத்திரிக்கா கொல்லில ஒரு பெரியவர் களை எடுத்துக்கிட்டு இருந்தார். பெக் (அடையாள முளை) அடிக்க சுத்தியலை தூக்கினோம், அவர் நிமிராமயே கேட்டார்:

"இன்னாபா, கம்பி எந்தப் பக்கம் வருது?"

"இப்படி நேரா ஐயா, உங்க வரப்பு மேல."

"வரப்பு மேலன்னா போர் மேலதான் வரும். நீ பெக்கு அடிச்சிட்டு போய்டுவ, நாளைக்கு மோட்டாரு பூட்ச்சுன்னா எவன் நைனா வண்டிய கொண்டாருவான்?"

பன்னெண்டு மீட்டர் தள்ளினோம், கோணம் ஒரு டிகிரி கூட மாறல. அவருக்கு எங்க மேல இருந்த கோவம் அங்கயே முடிஞ்சுது, கிளம்பும்போது பையில ரெண்டு கிலோ கத்திரிக்கா. பெக் அடிக்கறதுக்கு முன்னாடி நடந்த பேச்சு இது, அடிச்சதுக்கு அப்புறம் நடந்திருந்தா அது தகராறு.

ஏரி விஷயம். இங்க ஏரிங்க பாதி வருஷம் காஞ்சு மைதானம் மாதிரி கிடக்கும், பசங்க கிரிக்கெட் ஆடுவாங்க, நீங்களும் நல்ல சமதரை கிடைச்சுதுன்னு டவர் வெப்பீங்க. நிறைஞ்சா எதுவரைக்கும் தண்ணி நிக்கும்னு நீர்வளத் துறைல கேட்டு அந்த மட்டத்தை வரைபடத்துல போடுங்க. பாலாறும் அப்படித்தான், வருஷக்கணக்கா வெறும் மணல், ஆனா 2021 நவம்பர்ல ரெண்டு கரையும் தொட்டு ஓடினதை பாத்தோம். ஆத்தைத் தாண்ட அகலம் கம்மியான இடமா தேடுங்க, படுகைக்குள்ள டவர் வெச்சே ஆகணும்னா பைல் அஸ்திவாரம், மணல் அள்ளி அள்ளி படுகை இறங்கிக் கிடக்கறதால அரிப்பையும் சேத்து கணக்கு போடணும்.

டீட்டெயில் சர்வே, ஸ்பாட்டிங்

இங்கதான் டோட்டல் ஸ்டேஷன், டி.ஜி.பி.எஸ்., ட்ரோன் எல்லாம் வரும். கோணப்புள்ளிங்களுக்கு நடுவுல தரை ஏத்த இறக்கத்தை எடுத்து ப்ரொஃபைல் வரைஞ்சு அது மேல டவரை நிறுத்துவாங்க, முன்னாடி சேக் டெம்ப்ளேட்டை (கம்பி தொங்குற வளைவை வெட்டின அச்சு) கையால நகத்துவோம், இப்ப பி.எல்.எஸ்.-கேட் சாப்ட்வேர்ல பண்றாங்க. 110 கே.வி.க்கு டவருக்கு டவர் 300 மீட்டர் சுமார், 230க்கு கொஞ்சம் கூட.

கீழ் கம்பிக்கும் தரைக்கும் குறைஞ்சது 110ல 6.1 மீட்டர், 230ல 7 மீட்டர். கட்டடத்துக்கு மேல 230ல 5.5 மீட்டர், பக்கவாட்டுல 3.8. இதெல்லாம் டிசம்பர் காலைல அளந்து பாக்குற அளவு இல்ல. மே மாசம், மத்தியானம் ரெண்டு மணி, எல்லா ஏசியும் ஓடுது, லோடும் உச்சம், வெயிலும் உச்சம், காத்து இல்ல, அப்ப கம்பி நீண்டு தொங்கும் பாருங்க, அந்த தொங்கல்ல வர்ற அளவு. டிசைன்ல கண்டக்டர் 75 டிகிரி, இப்பல்லாம் 85 டிகிரிக்கும் கணக்கு போடறாங்க. நான் வண்டிப்பாதை தாண்டற ஸ்பான்ல எல்லாம் அரை மீட்டர் சேத்தே வெப்பேன், வைக்கோல் ஏத்தின லாரியை நம்ம ஊர்ல பாத்தவங்களுக்கு காரணம் புரியும்.

மண்ணு. நம்ம பக்கம் தோண்டினா பாறை, அதனால அஸ்திவாரம் சின்னதா முடியும்னு சந்தோஷப்படாதீங்க. வீடு பக்கத்துல வெடி வெக்க முடியாது, உடைச்சு எடுக்க நாளாகும், இன்னொண்ணு பாறைல எர்த் புடிக்காது. டவர் காலடில 10 ஓம்ஸுக்குள்ள வரணும், வரலைன்னா மின்னல் அடிக்கும்போதெல்லாம் டிரிப். கவுன்டர்பாய்ஸ் கம்பியை தரைக்கடில நீளமா ஓட்ட வேண்டி வரும், அது பக்கத்து கொல்லிக்குள்ள போகும், அதுக்கும் இப்பவே பேசிடுங்க. தோல் ஷாப்பு, கெமிக்கல் கம்பெனி பக்கம் போற லைனுக்கு இன்சுலேட்டர்ல அழுக்கு படியும், க்ரீப்பேஜ் (இன்சுலேட்டர் மேல்பரப்பு வழியா உள்ள தூரம்) கூடுதலா எடுங்க.

க்ராஸிங்

சென்னை ஜோலார்பேட்டை ரயில் லைன் அரக்கோணம், வாலாஜா ரோடு, காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர்னு மாவட்டத்தையே குறுக்க கிழிச்சிட்டு போவுது, அதனால தெக்கால இருந்து வடக்கால போற எந்த லைனும் அதைத் தாண்டியே ஆகணும். முடிஞ்சவரை 90 டிகிரில தாண்டுங்க, ரெண்டு பக்கமும் டென்ஷன் டவர் (கம்பியோட இழுவையைத் தாங்கி நிக்குறது). ரயில்வே அனுமதி ஒரு கட்டம், கம்பி இழுக்க பிளாக் (ரயிலை நிறுத்தி வெக்கற நேரம்) வாங்கறது இன்னொரு கட்டம், ரெண்டாவதுதான் கஷ்டம், ராத்திரி ஒண்ணரை மணிக்கு ஒரு மணி நேரம் குடுப்பாங்க, அதுக்குள்ள முடிக்கணும். என்.ஹெச். 48க்கு நெடுஞ்சாலை ஆணையம். ஏற்கெனவே போற மின்லைனைத் தாண்டறப்ப வோல்டேஜ் கூடினது மேல, கம்மியானது கீழ. ஷட்டவுன் வாங்கணும், பரீட்சை நேரத்துலயும் கோடைலயும் கேட்டா யாரும் தர மாட்டாங்க, நானா இருந்தாலும் தர மாட்டேன்.

பேப்பர் வேலை

சுருக்கமா சொல்றேன். மின்சாரச் சட்டம் 2003ல 68வது பிரிவு, ஓவர்ஹெட் லைனுக்கு அரசு முன் அனுமதி. 164வது பிரிவு, 1885 தந்திச் சட்டத்து அதிகாரம் நமக்கு. அந்த தந்திச் சட்டத்தோட 10வது பிரிவுப்படி நிலத்தை கையகப்படுத்தாமயே டவர் வெக்கலாம், ஆனா நட்டஈடு குடுக்கணும். தடுத்தா 16வது பிரிவுல கலெக்டர்கிட்ட போகலாம், நட்டஈடு பத்தலைன்னா அவங்க மாவட்ட நீதிபதிகிட்ட போகலாம். காடு குறுக்க வந்தா மத்திய அரசோட பரிவேஷ் போர்ட்டல்ல வன அனுமதி, தொலைபேசி, ரயில்வே சிக்னல் கம்பிங்களுக்கு இடைஞ்சல் வராம இருக்க பி.டி.சி.சி. ஒப்புதல். ஜவ்வாது மலை, ஏலகிரி பக்கம் போறீங்கன்னா வன அனுமதிக்கு மத்த எல்லாத்தையும் விட நேரம் ஒதுக்குங்க, இல்ல சுத்திப் போங்க, நான் சுத்திப் போறவன்.

புதுசா வந்தவங்க பண்ற தப்பு, சட்டம் நம்ம பக்கம்னு கலெக்டர் ஆர்டரை முதல்லயே நீட்டறது. அது கடைசி சீட்டு.

நட்டஈடு கணக்கு

மத்திய மின்துறை 2015ல ஒரு வழிகாட்டுதல் போட்டுச்சு: டவர் அடி நிலத்துக்கு மதிப்புல 85 சதவீதம், கம்பி போற பாதைக்கு அதிகபட்சம் 15. அதை 2024 ஜூன்ல மாத்தி டவர் அடிக்கு 200 சதவீதம், பாதைக்கு 30ன்னு ஆக்கினாங்க. இது வழிகாட்டுதல்தான், உங்க லைனுக்கு எந்த அரசாணை, கலெக்டர் எந்த மதிப்பு வெச்சாருன்னு பாத்துதான் வாயைத் திறக்கணும். ஆனா கணக்கு எப்படி ஓடுதுன்னு தெரிஞ்சுக்க ஒரு உதாரணம். சென்ட் 20,000 ரூபான்னு வெச்சுக்குங்க. டவர் காலுக்கு கால் 8 மீட்டர், சுத்தி ஒரு மீட்டர் சேத்தா 10க்கு 10, நூறு சதுர மீட்டர், ரெண்டரை சென்ட்டுக்கு கொஞ்சம் கம்மி, 200 சதவீதத்துல 98,800 ரூபா. அதே ஆள் நிலத்துல 200 மீட்டருக்கு 35 மீட்டர் அகலத்துல கம்பி போவுதுன்னா 173 சென்ட், 30 சதவீதத்துல 10 லட்சத்து 38 ஆயிரம். பாத்தீங்களா, எல்லாரும் டவரைப் பாத்து சண்டை போடுவாங்க, பணம் கம்பிக்குக் கீழதான் இருக்கு. டவர் இல்லாத ஆளுக்கும் காசு உண்டுன்னு முதல் நாளே சொல்லுங்க. பயிர், மரம் தனி. மரத்தை வி.ஏ.ஓ.வும் சொந்தக்காரரும் நிக்கும்போது எண்ணி, தென்னைன்னா காய்க்குதா இல்லையான்னு எழுதி, கையெழுத்து வாங்கி, போட்டோ எடுத்து வெச்சுக்குங்க. நிலம் அவங்க பேர்லயே இருக்கும், கழனி பயிர் வெக்கலாம், கட்டடமும் உசரமா வளர்ற மரமும் கூடாதுன்னு அதே மூச்சுல சொல்லிடணும்.

கட்டறது, சார்ஜ் பண்றது

அஸ்திவாரத்தை அறுவடை முடிஞ்ச கழனில ஆரம்பிங்க, நாத்து நட்ட மறுநாள் ஜேசிபி இறக்கினீங்கன்னா அந்த ஊர்ல அப்புறம் தண்ணி கூட குடுக்க மாட்டாங்க. கான்கிரீட் செட் ஆக விட்டு டவர் ஏத்தி, கம்பி இழுத்து, எல்லாம் முடிஞ்சதும் கீழேர்ந்து மேல வரைக்கும் ஒவ்வொரு டவரா பாருங்க: போல்ட், எர்த், டேஞ்சர் போர்டு, ஏறாம இருக்க முள்கம்பி. கம்பி இழுக்கும்போது போட்ட டெம்பரரி எர்த் எத்தனைன்னு நோட்ல இருக்கணும், கழட்டினது எத்தனைன்னும் இருக்கணும், ரெண்டும் ஒண்ணா இருந்தாதான் சார்ஜ், அதாவது லைன்ல கரண்ட் ஏத்துறது. மின் ஆய்வாளர் ஒப்புதல் வாங்கி, மெக்கர் அடிச்சு (இன்சுலேஷன் சோதனை), ஃபேஸ் சரி பாத்து, லோடு இல்லாம ஏத்துவாங்க. சார்ஜ் ஆவுற தேதியை முன்னாடியே மைக் கட்டி ஊர் ஊரா சொல்லிடணும், ஏன்னா மாசக்கணக்கா செத்துக் கிடந்த கம்பிதானேன்னு அதுல கொடி கட்டினவங்க உண்டு.

சார்ஜ் ஆன முதல் மாசம் திரும்ப மொத்த ரூட்டையும் ஒரு தடவை நடங்க. அந்த கத்திரிக்கா பெரியவர் கொல்லிக்கும் போனோம், போர் பக்கம் ஒண்ணும் பிரச்சனை இல்ல, மோட்டார் நல்லா ஓடுது, ஆனா நட்டஈடு பணத்துல தென்னங்கன்னு நாலு வாங்கி சரியா கம்பிக்கு அடியில நட்டு வெச்சிருந்தார். சொன்னா சிரிக்கிறார். எங்க வயர்மேனும் நானும் மம்முட்டி வாங்கி நாலையும் வரப்போரமா மாத்தி நட்டுட்டு, அவர் போர் தண்ணிலயே கை கழுவிட்டு கிளம்பினோம்.